பெயின்ட் டப்பாவில் திராட்சை விதை

ஜூஸ் கடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்துட்டார். மனுஷன் முடிவுக்கு வர்றதே அபூர்வம். ஜூஸ்ல ஐஸ் போடறதைக்கூட வீட்டுக்காரம்மாவைக் கேட்டுத்தான் போடுவார். ஆனா இது அவரே எடுத்த முடிவு: பொண்டாட்டியை நானே காப்பாத்தப் போறேன்!

அந்தம்மாவுக்கு மார்புல கேன்சர் கட்டி. ஆபரேஷன் ஆச்சு, ஊசி ஆச்சு, இப்ப மாத்திரை ஓடுது. மூணு மாசத்துல ஸ்கேன். அதை நெனச்சாலே இவர் கையில இருக்கற பழம் தானா ஜூஸாயிடும்.

அப்பத்தான் கடைக்கு வர்ற லேப்காரர், திராட்சை ஜூஸை உறிஞ்சிக்கிட்டே வாயை விட்டார்.

"அண்ணே, வடிகட்டித் தூக்கிப் போடறீங்களே விதை, அதோட சத்து கேன்சர் செல் வளர்றதைத் தடுக்குதான்னு எங்க லேப்ல பார்த்துக்கிட்டிருக்கோம்."

"தடுக்குதா?"

"லேப்ல கண்ணாடித் தட்டுல வளர்க்கற செல்லைக் கொஞ்சம் தடுக்குது. மனுஷ உடம்புல என்ன பண்ணும்னு..."

மிச்சத்தைக் கேக்க ஆள் இல்லை. அண்ணன் குப்பை வாளிக்குள்ள தலையை விட்டாச்சு!

விதையெல்லாம் மாடியில காஞ்சுது. கடை மிக்ஸியில அரைச்சார். காலி பெயின்ட் டப்பாவுல ஒளிச்சார். இருபத்திரண்டு வருஷமா அடுப்புப் பத்த வைக்கத் தெரியாத மனுஷன், காலங்காத்தால எந்திரிச்சுக் காபி போட்டு, ஒரு ஸ்பூன் பொடி கலந்து, படுக்கைக்கே கொண்டு போனார்.

"என்னங்க, உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"குடிம்மா. ஆறிடும்."

"நறநறங்குதே?"

"பாசம் அப்படித்தான் இருக்கும்."

அந்தம்மா ஏற இறங்கப் பார்த்தாங்க. ஒரு வாயோட டம்ளரைக் கீழ வெச்சுட்டாங்க. ஆனா ரெண்டு நாள்ல, என்ன ஆச்சோ, சொட்டு விடாம குடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. இவருக்குத் தலைகால் புரியலை.

ஸ்கேன் நாளும் வந்துது. டாக்டரம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. இவருக்கு நெஞ்சு மிக்ஸி மாதிரி ஓடுது.

"சுத்தமா இருக்கு. ஒண்ணுமில்லை."

மனுஷன் ஓன்னு அழுதுட்டார். பொண்டாட்டி முந்தானையிலயே மூக்கைத் துடைச்சிக்கிட்டு, நெஞ்சை நிமிர்த்தி எந்திரிச்சார்.

"டாக்டரம்மா, ஒரு ரகசியம்..."

"விதைப் பொடிதானே? மறுநாளே இவங்க பொட்டலம் கட்டிக் கொண்டாந்து காட்டிட்டாங்களே! அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. மாத்திரையோட மோதினாலும் மோதும், தொடாதீங்கன்னுட்டேன். இவங்களைக் காப்பாத்துனது ஆபரேஷனும் மருந்தும்."

"அப்ப டப்பாவுல இருந்தது?"

"நான் மாத்தி வெச்ச வறுத்த கோதுமை மாவு," அப்படின்னாங்க வீட்டுக்காரம்மா. "எந்நேரமும் ஈரமா இருக்கற ஜூஸ் ஜார், அன்னிக்குக் காஞ்சு போய், ஓரத்துல விதைப் பொடி ஒட்டிக் கிடந்துது. அப்பவே தெரியும் எனக்கு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா காபி நின்னு போயிருக்குமே!"

இவருக்கு வெக்கத்துக்கு மேல சந்தோஷம். நான் சொன்னதைக் கேட்டிருந்தா என்ன ஆயிருக்குமோ! என் பேச்சைக் கேக்காத பொண்டாட்டியைக் குடுத்த புண்ணியவான் யாரோ, அவன் நல்லா இருக்கணும். டாக்டரம்மாவுக்கு ஒரு கும்பிடு, மாத்திரை அட்டைக்கு ஒரு கும்பிடு, பொண்டாட்டிக்கு ரெண்டு கும்பிடு.

"போதும், வாங்க. நாளையில இருந்து மாவு வேணாம்."

"அப்பாடா! காபியும் வேணாம்தானே?"

டாக்டரம்மா சீட்டை நீட்டினாங்க. மாத்திரைப் பேருக்கெல்லாம் கீழ, கடைசி வரியில எழுதியிருந்துது: காபி, காலையில ஒருவேளை, புருஷன் கையால, ஆயுசு முழுக்க.