பச்சைச் சீட்டு

சுகாதார நிலையத்தின் வாசல்வரை வந்த எலக்ட்ரீஷியன், எதையோ மறந்துவிட்டவர்போல் நெற்றியைத் தட்டிக்கொண்டு இந்த முறையும் நழுவினார். சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். ஹெபடைடிஸ் பி மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கல்லீரல் கெட்டுப்போகும். ஆனால் அத்தனை பேர் பார்க்க, 'கல்லீரல் பிரிவு' என்ற பலகைக்குக் கீழே அந்த மனிதர் எப்படித்தான் உட்காருவார்? கூடச் சாப்பிட்டால் தொற்றாது என்று நர்சம்மா தொண்டை வறளச் சொல்லியும் ஊர் நம்பவில்லை.

குமாஸ்தா நல்ல மனிதர். யோசனைதான் கொஞ்சம் அவசரமாக வரும். பலகையைக் கழற்றினார். அந்த நோயாளிகளுக்கு மட்டும் பச்சைச் சீட்டு கொடுத்தார். வரிசையில் நிற்காமல் நேராக உள்ளே போகலாம்.

எலக்ட்ரீஷியன் வந்தார், விறுவிறுவென்று உள்ளே போனார். எல்லார் கண்ணும் அவர் முதுகில்தான்.

"அவருக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்றார், முழங்கால் வலியோடு காத்திருந்த மளிகைக்கடைக்காரர்.

"அது வேற சீட்டுங்க," என்று குமாஸ்தா உளறினார்.

"அந்த வேற சீட்டுதான் எனக்கும் வேணும்."

மறுவாரம் குமாஸ்தா பச்சையை மஞ்சளாக்கினார். மளிகைக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்து மஞ்சள் கேட்டார். சீட்டே வேண்டாமென்று குமாஸ்தா பின்வாசலைத் திறந்துவிட்டார். முன்வாசல் வரிசை அங்கே இடம் மாறியது. உள்ளே விலை கூடின ஏதோ ஒன்றை வேண்டப்பட்டவர்களுக்கு மட்டும் சும்மா தருகிறார்களாம், டீக்கடையில் இதே பேச்சுதான் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார்.

அன்று கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தது. எலக்ட்ரீஷியன் உள்ளேதான் இருந்தார். இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று பதறிய குமாஸ்தா, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு வேலையை விட்டுவிடும் முடிவோடு நர்சம்மாவிடம் ஓடினார்.

நர்சம்மாவுக்குப் பேச நேரமில்லை. ஒவ்வொருவராக உட்காரவைத்து, இது என்ன நோய், எதற்குச் சோதனை என்று விளக்கி, சம்மதம் கேட்டு விரலில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி. முதல் ஊசியைப் போட்டுக்கொண்ட மளிகைக்கடைக்காரர், பரிசு வாங்கியவர்போல் கையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். அவர் தோளை உரசிக்கொண்டு எலக்ட்ரீஷியன்! மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், நிதானமாக எழுந்து போனார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குமாஸ்தாவுக்குக் கண் கலங்கியது. என்ன மனுஷி இவர்! ஆறுதலாக வாசலுக்கு வந்தார்.

"நான் பண்ணின சொதப்பலைக்கூட அந்தம்மா நல்லதா மாத்திட்டாங்கப்பா. அந்தப் புரளியைக் கிளப்பினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

வாட்ச்மேன் நெளிந்தார்.

"நான்தாண்ணே. 'உள்ள விலை கூடினது ஒண்ணு சும்மா தர்றாங்க, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னு டீக்கடையில சொல்லிட்டு வரச்சொன்னதே நர்சம்மாதான்."