போடரில் நிற்பவர்

கண்டிப் பக்கத்தில் ஓர் இனம் பெருகி வருகிறது. சீனி வருத்தக்காரர், அதாவது நீரிழிவுக்காரர், என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வரும். ‘போடர்’ என்று சொல்லுங்கள், தேநீர் தரும். இரத்த ரிப்போட்டில் இவர்களுடைய சீனி எல்லைக்கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். இவர்களோ அந்தக் கோட்டின்மேல் கதிரை போட்டு, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணக்கும் வட்டிலாப்பம் சாப்பிடுவார்கள்.

அக்குறணையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஹலீம் நானாவையே எடுங்கள். இருதயக் குழாய் ஒன்று அடைத்து ஸ்டென்ட் வைத்த மனிதர். ஏழு படி ஏறினால் இன்னும் நெஞ்சு இறுக்குகிறது. டொக்டர் மெட்ஃபோர்மினும் சேர்த்து எழுதினார்: “சீனி கூடினா மத்தக் குழாய்களுக்கும் கூடாது.”

நானாவுக்கு வந்ததே கோபம்!

“சீனியே இல்லாதவனுக்குச் சீனிக் குளிசையா? ஊரு என்ன கதைக்கும்?”

மகள் நதாவுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள். பரம்பரைச் சீனி என்று திரும்பிப் போய்விட்டால்? இருதயக் குளிசைகளை மேசையில் பெருமையாகப் பரப்பியவர், சீனிக் குளிசையை மட்டும் அட்டையோடு கொத்தமல்லி டின்னுக்குள் புதைத்தார். மூன்று மாதம். ஒன்றுகூட விழுங்கவில்லை.

மாப்பிள்ளையின் வாப்பா, கடுகண்ணாவை ஹுஸைன் ஹாஜியார் வந்தார். தனக்குச் சீனி இல்லையென்று நிரூபிக்க வேண்டாமா? நானா மூன்று கிண்ணம் வட்டிலாப்பத்தை வழித்தார்.

“நமக்கு அந்தக் கரச்சல் ஒண்டும் இல்ல, ஹாஜியார். வாங்க, மேல்வீட்டப் பாப்போம்.”

ஏழாம் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மனைவி ருக்கியா ஓடிவந்தாள். ஒரு கையில் நாக்குக்கடியில் வைக்கும் குளிசை; மறுகையில், சமைக்கும்போது அடியில் அட்டை அகப்பட்ட கொத்தமல்லி டின். குளிசையை அவர் நாக்குக்கடியில் வைத்துவிட்டு டின்னை நீட்டினாள்.

“எல்லாம் அப்பிடியே ஈக்கிது! புள்ளட கலியாணத்துக்கு வாப்பா ஈக்க வேணுமா, வாணாமா?”

நானாவுக்கு நெஞ்சைவிட மானம் அதிகம் வலித்தது. ஹாஜியார் டின்னுக்குள் எட்டிப் பார்த்து, அட்டையைத் திருப்பி வாசித்தார்.

“ஐநூறு மில்லிகிராமா? எனக்கும் ஐநூறுதான்.” குரலைத் தாழ்த்தினார். “நானும் போடர்தான். என்ட அட்ட கார் டேஷ்போர்ட் லாச்சிக்குள்ள ஈக்கிது. வீட்டுல தெரியா.”

சம்பந்தம் அந்தப் படியிலேயே நிச்சயமானது. ஆஸ்பத்திரிக்கும் ஹாஜியாரின் காரிலேயே போனார்கள். ஏறுமுன் இரண்டு சம்பந்திகளும் வட்டிலாப்பச் சட்டி இருந்த இடத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள். ருக்கியா அதை அடுத்த வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அது கிடக்கட்டும், உங்கள் வீட்டில் கொத்தமல்லி டின்னை யார் திறப்பது?