மஞ்சள் விளக்கு எரிந்தது பற்றி மாப்பிள்ளைக்கு

ஆரணி,
புதன் காலை

மதிப்பும் பிரியமும் உள்ள மாப்பிள்ளை ரஞ்சித்குமார் அவர்களுக்கு மாமனார் மாணிக்கவேல் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லாரும் சௌக்கியம். ஓசூரில் தங்கள் உடம்பும் உத்தியோகமும் நன்றாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் கூரியரில் அனுப்புகிறேனே என்று திடுக்கிட வேண்டாம். நான் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும், அகல்யாவுக்குக் கேட்காதா? நிறைமாதக்காரி, பயப்படக் கூடாது. அவள் பங்குக்கும் சேர்த்து நானே பயந்துகொண்டிருக்கிறேன்.

வளைகாப்பு முடிந்து அவளை இங்கே விட்டுப் போகும்போது, "வலி எடுத்தா வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவணும், காரு இங்கயே இருக்கட்டும் மாமா" என்று சாவியைக் கொடுத்தீர்கள் அல்லவா. போன வெள்ளிக்கிழமை அதை ஸ்டார்ட் செய்தேன். ஸ்பீடு முள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு இஞ்சின் படம் எரிந்துகொண்டே இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணமங்கலம் தாண்டி நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டால் என் பெண்ணின் கதி என்ன? ஆன்லைனில் ஒரு ஸ்கேனர் வரவழைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே அதற்கென்று இருக்கிற இடத்தில் சொருகினேன். பி0113 என்று ஒரு கோடு நம்பர் வந்தது. போனில் தேடினால், உள்ளே போகிற காற்றின் சூட்டை அளக்கும் சென்சாராம். அதற்குக் கீழே ஒரு புண்ணியவான், இப்படித்தான் ஆரம்பித்து இஞ்சினையே இறக்கினேன் என்று எழுதியிருந்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்கேனரில் அந்தக் கோடு நம்பரை அழிக்கிற வசதி இருந்தது. அழித்தேன், விளக்கு அணைந்தது. தெருவைச் சுற்றி வந்தேன், திரும்ப எரிந்தது. பதினோரு தடவை அழித்தேன் மாப்பிள்ளை, ஒரே பேஜார். உங்கள் அத்தை திலகவதி, "இன்னாங்க, காருலயே குடித்தனம் நடத்திகினு கீறீங்க? சோத்தையும் அங்கயே அனுப்பட்டா?" என்கிறாள்.

நேற்று மெக்கானிக் டேவிட்ராஜ் வந்தார். அவர் எதையும் அழிக்கவில்லை, பானெட்டைத் திறந்தார். காற்று போகிற குழாயில் விரலை வைத்து, "அண்ணே, இன்னா இது, இங்க சந்தனம் கீது?" என்றார். இனிமேல் மறைத்து என்ன பிரயோசனம்? விளக்கு எரிவதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை, சுகப்பிரசவம் ஆகட்டும் என்று, ஆயுத பூஜைக்குத் தறியில் வைக்கிற மாதிரி இஞ்சினில் மூலைமுடுக்கு விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தவன் நான்தான். அந்தச் சென்சாருக்குப் போகிற ஒரு சின்ன ப்ளக் இடைஞ்சலாக இருந்தது. அதைக் கழற்றி, அதன் வாயிலும் ஒரு பொட்டு வைத்து, சரியாக அழுத்தாமல் விட்டுவிட்டேன். டேவிட்ராஜ் துடைத்துச் சொருகினார். டிக்கென்றது. "கோடு இன்னா வியாதின்னு சொல்லாதுண்ணே, எங்க வலிக்குதுன்னுதான் சொல்லும். தொறந்து பாக்கறது நம்ம வேல" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பவர்லூமில் இழை அறுந்தால் கம்பி விழுந்து தறி நிற்கும். இழையை முடிச்சுப் போடாமல் கம்பியை மட்டும் தூக்கித் தூக்கி விடுகிறவனை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்!

இப்ப வெளக்கு எரியல. ஆனா பயம் போவல மாப்பிள்ள. திரும்ப வந்துடுமோன்னு ஸ்கேனரைக் கழட்டாம, சாவியை ஆன்லயே வச்சி, புதுக் கோடு எதனா வருதான்னு நேத்து மத்தியானத்துலேர்ந்து காவல் காத்துகினு கீறேன். வண்டி ரெடி, பெட்ரோல் ஃபுல்லு, நானும் ரெடி. நீங்க நிம்மதியா வேலையப் பாருங்க.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்களுக்கு ஒரு குறையும் வராது. வந்தால் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இப்படிக்கு,
தைரியமாக இருக்கும் மாமனார்,
மாணிக்கவேல்

பி.கு.: கூரியர் கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் அகல்யாவுக்கு வலி எடுத்துவிட்டது. ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். வண்டி கம்மென்று இருந்தது. நான் காத்த காவலில் பேட்டரி தீர்ந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுப் பார்த்திபன், சேலை மூட்டை ஏற்றுகிற தன் வேனில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அந்த வேனில் முள்ளும் ஆடவில்லை, விளக்கும் எரியவில்லை. கேட்டதற்கு, "பல்பே இல்ல மாமா, அப்புறம் இன்னா பயம்?" என்றான். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். இதை அகல்யாவே உங்களுக்குப் போனில் சொல்லியிருப்பாள். பேட்டரி விஷயத்தை நான்தானே சொல்ல வேண்டும். குழந்தை விடாமல் அழுகிறது. என்ன காரணமென்று தேடிப் பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். அகல்யா பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.