கோபாலபுரம் போய் வந்த கொடி

கேரளத்துச் சித்தூர் அர்த்தநாரிக்கு ரேக்ளாப் பந்தயக் காளை ஒன்று வாங்கியே தீரவேண்டும். டீக்கடையில் மீசையை முறுக்கிச் சபதமும் போட்டாயிற்று. மனைவி நாச்சம்மாள்தான் இன்னும் தலையாட்டவில்லை.

"வாசல் முழுக்க மஞ்சப்பூக் கொடி படந்து கெடக்குது. காளைய எங்கீங்க கட்டுவீங்க, என்ற தலைமேலயா? ஞாயித்துக்கெழமைக்குள்ள வாசலச் சுத்தம் பண்ணுங்க. அப்புறம் வாங்கிக்குங்க."

போன மாதமே அவர் அதைப் புல்வெட்டும் மிஷினால் துண்டு துண்டாக்கியிருந்தார். ஒரு மழை பெய்ததும் துண்டுக்கு ஒரு கொடி முளைத்தது. நாச்சம்மாள் ஒரு கிளையை எடுத்துக்கொண்டு வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"வெளிநாட்டுக் கொடியாமுங்க. ஒரு கணு கெடந்தாலும் முளைச்சுக்குமாம். வேரோட புடுங்கி, தார்ப்பாய்ல போட்டுக் கருகக் காய வெக்கோணும்னு ஆபீசர் அன்னமேரி மேடம் சொன்னாங்க."

"காய வெக்கறதுக்கு நானென்ன அப்பளமா போடறேன்?"

"வேற பக்கம் கொண்டுபோய்க் கொட்டீராதீங்க."

"சேச்சே."

இடுப்பு ஒடியப் பிடுங்கினார். நாலு மூட்டை. காய்ந்து கருகுவதற்குள் காளைக்கே வயதாகிவிடும் என்று தோன்றியது. ஞாயிறு காலை மூட்டைகளைப் பிக்கப்பில் ஏற்றி, மேலே தேங்காயைப் பரப்பினார்.

"எங்கீங்க?"

"பொள்ளாச்சிக்குப் புள்ள. தேங்கா விக்க."

"பாத்துப் போயிட்டு வாங்க" என்றவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் அர்த்தநாரிக்கு உயிர் வந்தது. ஆளில்லாத தரிசு ஒன்று தென்பட்டது. முதல் மூட்டையை இறக்கும்போது பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. நாச்சம்மாளின் அண்ணன் மோகனசுந்தரம்.

"வாங்க மாப்ள. தங்கச்சி போன் பண்ணுச்சு."

"தேங்கா... கொஞ்சம்..."

"கேரளாக் குப்பைய இங்க கொட்டினா எங்கூர்க்காரங்க வண்டியோட புடிச்சு வெச்சுக்குவாங்க. நல்லவேளை, நான் பாத்தேன். ஊட்டுக்கு வாங்க, காப்பி குடிக்கலாம்."

மச்சான் வீட்டில் உபசாரம் பலமாக இருந்தது. காப்பி குடித்துவிட்டு வெளியே வந்தால் வண்டியில் பத்து மூட்டை.

"எங்க தோட்டத்துலயும் இதே கொடிதானுங்க மாப்ள. நீங்க பக்குவமாக் காய வெக்கறீங்கன்னு தங்கச்சி சொல்லுச்சு."

மச்சானிடம் முடியாது என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு வாய் வரும்? வண்டி முக்கி முனகி எல்லை தாண்டித் திரும்பியது. வாசல் முழுக்கத் தார்ப்பாய் விரித்து நாச்சம்மாள் காத்திருந்தாள். அர்த்தநாரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்ப காளை?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"வேண்டாம்னு யாருங்க சொன்னா? சின்னண்ணன் ஊட்லயும் மூட்டை கட்டிட்டிருக்காங்களாம். அதையும் காய வெச்சு முடிச்சீங்கன்னா, வாங்கிக்கலாமுங்க."