முப்பத்தோராவது ஜோடி

ரங்கூனில் ஒரு மனிதனை முகம் பார்க்காமல், காலைப் பார்த்தே இன்னார் என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் ஜோடி மாமா. முகத்தைக் காட்டினால், "யாரும்மா நீ, எங்கயோ பாத்த மாதிரி இருக்கே" என்பார். காலைக் காட்டினால் வீட்டு நம்பர் வரைக்கும் சொல்வார்.

ஜோடி என்று பெயரே தவிர அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதித் தமிழர்களை ஒரு பழைய பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி சிரியம் என்கிற பழைய ஊருக்குக் கூட்டிப் போவதுதான் அவர் தொழில். காலையில் இடிந்த பழைய சர்ச், மத்தியானம் கல் வெட்டிய குழியில் குளியல், பொழுது சாய வீடு. ஆரம்பத்தில் எல்லாக் கைடுகளையும் போல இவரும் தலையைத்தான் எண்ணினாராம். பஸ்ஸில் இருந்த பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "உசுரோட இருக்கறவங்க தலையை எண்ணாதே, ஆயுசு குறையும்!" சரி என்று எண்ணாமல் விட்டார். அந்த வாரமே ஒரு புது மாப்பிள்ளையைச் சிரியத்தில் மறந்துவிட்டு, பெண்ணை மட்டும் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். மாமனார் வீட்டு ஆட்கள் ஜோடி மாமாவை உதைக்கத் தேடினார்கள். மூன்று நாள் அவர் தெருப்பக்கமே வரவில்லை.

நாலாம் நாள் வந்தபோது வழி கண்டுபிடித்திருந்தார். தலையைத்தானே எண்ணக் கூடாது? செருப்பை எண்ணினால் யார் ஆயுசு குறையும்?

அதிலிருந்து எந்த இடத்தில் இறங்கினாலும் எல்லாரும் செருப்பைக் கழற்றி வரிசையாக விட வேண்டும். புத்தர் கோயிலான பகோடாவில் கழற்றலாம், நியாயம். கூரையில்லாத சர்ச்சில், வெயிலில் கொதிக்கிற செங்கல்லில் ஏன் கழற்ற வேண்டும்?

"யார் வீட்டுச் சாமியா இருந்தா என்ன? கழட்டு" என்பார்.

ஒரு கால் இல்லாத ஒருவர் வந்தபோது மாமா நாள் முழுக்க "இருபத்தொம்பதரை, இருபத்தொம்பதரை" என்று முனகிக்கொண்டே இருந்தாராம். இன்னொரு முறை செருப்பு போடாத கைக்குழந்தை ஒன்று டீக்கடைத் தொட்டிலிலேயே தூங்கிப் போய்விட்டது. பஸ் பாலம் வரை போய்த் திரும்பி வந்தது. மறுவாரம் மாமா ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே பத்துப் பதினைந்து குட்டிச் செருப்புகள். "பொறந்து நாப்பது நாளானாலும் சரி, என் பஸ்ஸுல ஏறினா செருப்பு போட்டுத்தான் ஏறணும்."

எனக்கு இதெல்லாம் என் அண்ணன் சேகர் சொல்லித்தான் தெரியும். போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்கியவன். என்னைவிட இரண்டு வயசு பெரியவன். மழைக்காலம் ஆரம்பிக்கும்போதே போய் மாமாவிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். "மழை விட்டதும் குழி ரொம்பியிருக்கும். அந்த மேல் பாறையிலேர்ந்து குதிக்கப் போறேன், பாரு" என்றான். மழை விடுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டான்.

அவன் ரப்பர் செருப்பு வாசலிலேயே கிடந்தது. நீல வார், ஒரு பக்கம் கம்பி போட்டுக் கட்டியது. அம்மா ஒரு நாள், "என்னால வாசலைப் பாக்க முடியலடி. இதை எங்கயாச்சும் கொண்டு போய் விட்டுட்டு வா. குப்பையில மட்டும் போட்டுடாதே" என்றாள். நான் மூன்று தடவை கொண்டு போனேன். மூன்று தடவையும் திரும்பக் கொண்டு வந்தேன். நான் நாலாவதுக்கு மேல் படிக்காதவள், ரவிக்கைக்கு ஹூக் தைக்கிறவள். ஒரு செருப்பை விட்டுவிட்டு வருவதற்குப் படிப்பு வேண்டாம்தான். ஆனாலும் எனக்கு வரவில்லை. கடைசியில், அவன் குதிக்க ஆசைப்பட்ட தண்ணீரிலேயே விட்டுவிடலாம் என்று முடிவு செய்து, செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

"சேகருக்குப் பதிலா வந்திருக்கேன் மாமா."

அவர் என் காலைப் பார்த்தார். "சின்னக் காலு. ஏறு." அவ்வளவுதான். அண்ணன் செத்துவிட்டான் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

டிரைவர் கோ மியா பர்மாக்காரர். தமிழை இந்த பஸ்ஸிலேயே கற்றவர், அதனால் 'ஏறு', 'இறங்கு', 'நகரு' மூன்றும் சுத்தமாக வரும். மற்றதற்குச் சிரிப்பார்.

சர்ச்சில் மாமா முப்பது ஜோடி எண்ணிவிட்டுக் கதை சொன்னார். "இது போர்ச்சுகீசுக்கார ராஜா கட்டினது. கூரை எங்கேன்னு கேப்பீங்க. பொண்டாட்டியோட சண்டை. கோவத்துல கூரையைக் கழட்டிக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டான்."

லான்மடாவில் ஊறுகாய் விற்கும் பாத்திமா அக்கா விடவில்லை. "போன வருஷம் இடி விழுந்துச்சுன்னீங்களே?"

"அது போன வருஷம்."

"அந்த ஓரத்துல இருக்கற கல்லறை யாருது?"

"சண்டையை விலக்கப் போனவனுது."

சுடுகிற செங்கல்லில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு முப்பது பேரும் சிரித்தோம். அண்ணன் போன பிறகு நான் சிரித்தது அன்றுதான். சிரித்துவிட்டோமே என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

குழி நிஜமாகவே ரொம்பியிருந்தது. மூன்று பக்கம் சிவப்புப் பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர். கரையில் முப்பது ஜோடிகள். எல்லாரும் இறங்கிக் கூத்தடிக்கும்போது நான் அண்ணன் செருப்பை எடுத்து வரிசையின் ஓரத்தில், தண்ணீர் பக்கமாக வைத்தேன். யாரும் பார்க்காதபோது காலால் தள்ளிவிட வேண்டியதுதான். அதற்குள் பாத்திமா அக்கா, "ஏ புள்ள, இங்க வா, லுங்கியைப் பிடி, நாங்க துணி மாத்தணும்" என்று புதர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு பொம்பளைகளுக்கு மறைப்புப் பிடித்து முடிவதற்குள் இங்கே ஜோடி மாமா எண்ண ஆரம்பித்துவிட்டார்.

முப்பத்தொன்று.

மறுபடி எண்ணினார். முப்பத்தொன்று. ஆட்கள் கரையேறி அவரவர் செருப்பை மாட்டினார்கள். நாங்கள் ஐந்து பேரும் புதருக்குப் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியும், எங்கள் ஐந்து ஜோடியை ஒதுக்கி வைத்தார். அப்புறமும் தண்ணீர் ஓரத்தில் ஒரு ஜோடி மிச்சம். ஆம்பளைச் செருப்பு. ஆள் இல்லை.

"ஐயோ, ஒருத்தன் உள்ள போயிட்டான்!" என்ற சத்தம் கேட்டு நான் லுங்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். பாத்திமா அக்காவின் சாபம் பின்னாலேயே வந்தது. நான் கரைக்கு வரும்போது மாமா சட்டை, வெல்வெட் செருப்பு, பையில் குத்திய பேனா எல்லாவற்றோடும் குதித்துவிட்டார். குதித்த பிறகுதான் தனக்கு நீச்சல் தெரியாது என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

முங்கினார். எழுந்தார். "இருக்கியாடா தம்பி!" என்று கத்தினார். திரும்ப முங்கினார்.

வெற்றிலை மென்றுகொண்டிருந்த கோ மியா, "அமலே!" என்று பர்மிய மொழியில் அம்மாவைக் கூப்பிட்டபடி ஓடி வந்து பாய்ந்து அவர் காலரைப் பிடித்தார். மாமாவோ அவரையும் சேர்த்து உள்ளே இழுத்தார். கோ மியா தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் பிரயோகித்தார். "நகரு! நகரு! ஏறு! ஏறு!"

ஒருவழியாக ஏற்றினார்கள். மாமா தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "இன்னொருத்தன் உள்ள இருக்கான், போ."

"யாரும் இல்ல மாமா" என்றேன். "அது எங்கண்ணன் செருப்பு. அவன் செத்துட்டான். நான்தான் கொண்டாந்து வச்சேன்."

அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் செருப்பை எடுத்துத் திருப்பி அடியைப் பார்த்தார். இடது குதி தேய்ந்து ஓட்டையாக இருந்தது.

"இடது காலை வெளியே சாய்ச்சு நடப்பான். மூட்டை தூக்கறவன். பேரு குடுக்க வந்தானே, சேகரு" என்றார். "எப்படா மழை விடும்னு கேட்டுக்கிட்டு நின்னான்."

வீட்டில் அம்மாவும் நானும் அவனைப் பற்றிப் பேசினால் அழுதுவிடுவோம் என்று பேசுவதே இல்லை. அவன் எப்படி நடப்பான் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து, மூக்கு ஒழுக அழுதேன்.

"தண்ணியில விட்டுட்டுப் போயிடறேன் மாமா."

"நல்ல கதையா இருக்கே! மாப்பிள்ளையை விட்டுட்டு வந்ததுக்கே இன்னும் பேச்சு வாங்கறேன். என் பஸ்ஸுல வந்தவனை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

"அவன் குதிக்கணும்னான்."

"அப்ப குதிக்கட்டும். குதிச்சுட்டு ஏறட்டும்."

"நான் குதிக்கிறேன்" என்றேன். நீச்சல் அவன் கற்றுக் கொடுத்தது.

"பொம்பளப் புள்ள, மேல் பாறையிலேர்ந்தா?" என்றாள் பாத்திமா அக்கா. பிறகு அவளே என் பாவாடையை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டாள்.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினேன். என் காலுக்குப் படகு மாதிரி இருந்தது. மேலிருந்து பார்த்தால் குழி ஒரு தட்டு அளவுதான். பயத்தில் அண்ணனை நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டுக் குதித்தேன். மூக்கில் தண்ணீர் ஏறிற்று. மேலே வந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்குத் தெரியாது.

என் பக்கத்தில் ஒரு செருப்பு மேலே வந்து மிதந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ரப்பர் செருப்பு முழுகாது என்பது அத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. கரையிலிருந்து தள்ளிவிட்டிருந்தாலும் நாள் பூரா மிதந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

ஜோடி மாமா கரையில் நின்று விரலை நீட்டினார். "ஒண்ணு... ரெண்டு. ஜோடி சரி. ஏறும்மா, பஸ்ஸை எடுக்கணும்."

எல்லாரும் கிளம்பினோம். மாமா மட்டும் கிளம்பவில்லை. அவர் வெல்வெட் செருப்பில் ஒன்று குழியோடு போய்விட்டது. அத்தனை வருஷமாக ஊர்ச் செருப்பையெல்லாம் எண்ணியவர் தன் ஜோடியை எண்ணியதே இல்லை. வெறுங்காலில் சுடுபாறையில் நின்று ஆடிக்கொண்டிருந்தார்.

நான் அண்ணன் செருப்பை அவர் முன்னால் வைத்தேன்.

"செத்தவன் செருப்பைப் போடலாமா?" என்றார் யாரோ.

"செத்தவன் செருப்பா? என் பாசஞ்சர் செருப்புய்யா" என்று மாமா மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். டப், டப், டப். இரண்டு தடவை தடுக்கினார்.

வீட்டில் அம்மா வாசலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "விட்டுட்டியா?"

"விட்டுட்டேம்மா."

"எங்க?"

"ஒருத்தர் கால்ல."

அம்மா விறகைத் தள்ளிவிட்டாள். அடுப்பைப் பார்த்தபடியே, "அளவு சரியா இருந்துச்சா?" என்றாள்.

"பெருசு. தடுக்கித் தடுக்கிப் போறாரு."

"விழுந்து வைக்கப் போறாரு. பாத்து நடக்கச் சொல்லு."

அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும் ஏதோ சொல்லப் போனேன். சொல்ல ஒன்றும் இல்லாத ஞாயிறுகளிலும் போனேன்.