கண்ணு தெறந்திருக்கோணும்

கணபதி, கோவை
புதன்கிழமை

மரியாதைக்குரிய அக்கா தெய்வாத்தாள் அவர்களுக்குத் தம்பி காளிச்சாமி வணங்கி எழுதுவது.

இங்கே நானும் அக்கம்பக்கத்துப் பட்டறைச் சத்தமும் சௌக்கியம். வால்பாறையில் நீங்களும் மழையும் சௌக்கியம் என்று மருமகள் கீதா சொன்னாள். நேரில் விசாரிக்க எனக்கு அனுமதியில்லை. போனிலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு முகம் கிடையாது, ஆகவே இதைப் படிப்பதால் உங்கள் சபதத்துக்குப் பங்கம் வராது என்று நினைக்கிறேன்.

சபதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. மகன் மதன்குமார் கல்யாணத்துக்குக் கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டு நீங்கள் இறங்கி வந்ததும், மேடையில் நின்ற ஒரே ஒரு படத்தில் கண்ணை மூடியிருந்ததும், ஆல்பம் வந்த அன்று சம்பந்தி வேங்கடசாமி குடும்பத்தார் முன்னால் “எங்கக்கா நின்னுட்டே தூங்குவாங்க” என்று நான் சொன்னதும், சம்பந்தி வயிறு குலுங்கச் சிரித்ததும், நீங்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு “இனி உன்ற மூஞ்சீல முழிக்க மாட்டேன்” என்று எழுந்து போனதும் நடந்த விஷயங்கள். கண்ணை மூடியது நீங்கள், படம் எடுத்தது வேறொருவன், சிரித்தது சம்பந்தி. நான் பேசியது மட்டும்தான்.

போன மாதம் கீதாவிடம் நீங்கள் போனில் பேசியபோது ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். “கொளந்தைக ரெண்டும் எப்படியிருக்குதுன்னே தெரியல அம்மணி. செல்லுல அனுப்புனா எனக்கு மங்கலாத் தெரியுது. சொவுத்துல மாட்டற மாதிரி பெருசா ஒண்ணு அனுப்பு. ரெண்டுக்கும் கண்ணு நல்லா தெறந்திருக்கோணும். உம்பட மாமன் அதுல இருக்கப்படாது.” நிதீஷ் ஒன்றாம் வகுப்புக்கும் லோகப்பிரியா எல்கேஜிக்கும் வந்துவிட்டார்கள், சொந்த அத்தைப் பாட்டி இன்னும் முகம் பார்க்கவில்லை. எனவே நிபந்தனைகள் இரண்டையும் நிறைவேற்றுவது என்று முடிவெடுத்தேன். முதலாவது நிறைவேறியது. இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஸ்டுடியோவுக்குள் நிறுத்தினால் குழந்தைகள் முகம் விறைத்துவிடும், வெளியே வெளிச்சத்தில் எடுத்தால்தான் முகம் முகமாக இருக்கும் என்று கீதா ஒரு போட்டோக்காரப் பெண்ணை ஏற்பாடு செய்தாள். பெயர் ஹாரிகா, குழந்தைகளை மட்டுமே எடுக்கிறவள், சென்னையிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இடம் அன்னூர்ப் பக்கம் சம்பந்தியின் தோட்டம்; நேரம் திங்கட்கிழமை காலை ஏழு மணி, அப்போதுதான் வெயில் சாய்வாக, இளசாக இருக்குமாம். சம்பந்தி, “ஏழரைக்கு ராகு காலம் வந்துருதுங்க, ஒம்பதுக்கு மேல நல்லாப் புடிக்கலாமுங்க” என்றார். ஒன்பதுக்கு இட்லி வந்தது. இட்லி முடிந்தபோது நிதீஷின் புதுச் சட்டையில் சட்னி இருந்தது. அதை அலசிக் காயப்போட்டு மாட்டிவிட்டபோது பதினொன்று தாண்டிவிட்டது, சூரியன் நேராக உச்சந்தலையில் நின்றான், ஹாரிகா முதல் முறையாகப் பெருமூச்சு விட்டாள். தென்னை நிழலில் நிறுத்தினாள். கீற்று நிழல் விழுந்து இரண்டு முகமும் கோரைப்பாய் மாதிரி வரிவரியாகத் தெரிந்தது. வெயிலைப் பார்த்து நிறுத்தினாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. வெயிலுக்கு முதுகைக் காட்டி நிறுத்தி, வெள்ளித்தாள் ஒட்டிய வட்டத் தட்டி ஒன்றை மதன்குமார் கையில் கொடுத்து, வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பச் சொன்னாள். அவன் அதைக் கட்டுத்தறி எருமையின் முகத்துக்குத் திருப்பினான், எருமை தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டது. கடைசியில் அவள், “மெல்லிசா ஒரு வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல பிடிச்சா போதும் சார், வெயில் வடிகட்டின மாதிரி இறங்கும்” என்றாள். தோட்டத்தில் அந்த நேரம் மெல்லிசான வெள்ளைத் துணி இரண்டே இருந்தன. ஒன்று சம்பந்தி இடுப்பில், இன்னொன்று என் இடுப்பில். பெண் கொடுத்தவரை அவர் தோட்டத்திலேயே வேட்டியை அவிழ்க்கச் சொல்வது முறையல்ல.

ஆக, மதன்குமார் ஒரு பக்கமும் கீதா ஒரு பக்கமும் என் வேட்டியைத் தூக்கிப் பிடிக்க, நான் பட்டாபட்டி டவுசரோடு மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒதுங்கினேன். வெளிச்சம் உண்மையிலேயே பாலாக இறங்கியது, அதை நான் எட்டிப் பார்த்தேன். ஆனால் காலையிலிருந்து இடுக்கி இடுக்கிப் பழகிய கண்களைக் குழந்தைகள் திறப்பதாக இல்லை. ஹாரிகா “கண்ணு!” என்று கத்தினாள். கண்ணைத் திற என்பதைத்தான் சுருக்கமாகச் சொல்கிறாள். இந்த ஊரில் கண்ணு என்றால் முகத்தில் இருப்பது மட்டுமில்லை என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? முதல் கண்ணுக்குக் கீதா “ஏனுங்க?” என்று திரும்பினாள், வேட்டி குழந்தைகள் தலையில் விழுந்தது. இரண்டாவது கண்ணுக்கு, தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பாவாத்தாள் மம்பட்டியோடு வந்து நின்று “கூப்பிட்டீங்களா அம்மணி?” என்றாள். மூன்றாவது கண்ணு கொஞ்சம் இழுவையாக, அதட்டலாக வந்தது.

அக்கா, எனக்கு அறுபத்தெட்டு வயது. அம்மா போன பிறகு என்னைக் கண்ணு என்று கூப்பிட நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள், ஆல்பம் வந்த நாளோடு அதுவும் நின்றது. இழுத்து அதட்டுவதும் உங்கள் வழக்கம்தான். கால் என்னைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை. “வந்துட்டனுங்க” என்று குரல் கொடுத்தபடி மோட்டார் ரூமிலிருந்து நேராகக் கேமரா முன்னால் போய் நின்றுவிட்டேன். குழந்தைகள் தாத்தாவைப் பட்டாபட்டியில் பார்த்தது அதுவே முதல் தடவை. நான்கு கண்ணும் அகலத் திறந்தன. லோகப்பிரியா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹாரிகா எடுத்துவிட்டாள். கிணற்று மேட்டிலிருந்து சம்பந்தி சிரித்தார், ஆல்பத்தன்று சிரித்த அதே சிரிப்பு. நம்மைப் பார்த்து ஒருவர் அப்படிச் சிரிக்கும்போது கேட்க அது அவ்வளவு நன்றாக இல்லை என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

எடுத்த அத்தனை படங்களிலும் கண் திறந்திருப்பது அது ஒன்றில்தான். காந்திபுரத்தில் பிரிண்ட் போடுகிற முஜீப்பிடம் படத்திலிருந்து என்னை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். “எடுக்கலாமுங்க, ஆனாப் பாப்பா கையும் சேர்ந்து போயிருமுங்க” என்றார். கம்ப்யூட்டரில் வேறு கை வைக்கலாம் என்றும் சொன்னார். சொந்தக் கை இருக்கும்போது இரவல் கை எதற்கு என்று வந்துவிட்டேன். ஆகவே காலண்டரில் கிழித்த திங்கட்கிழமைத் தாளை வட்டமாக வெட்டி, என் முகத்தின் மேல் ஒட்டியிருக்கிறேன். மூக்கு இருக்கிற இடத்தில் ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று அச்சாகியிருக்கும், பொருட்படுத்த வேண்டாம். டவுசரை மறைக்கவில்லை, அதைப் பற்றி நீங்கள் நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. என் முகத்தில் முழிக்காமலே பேரப்பிள்ளைகளைத் தினமும் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் சபதம் காப்பாற்றப்பட்டது.

மாசாணியம்மன் துணையில் உங்கள் முட்டி வலி குறையட்டும். பேரனும் பேத்தியும் உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்; மதன்குமாரும் கீதாவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். நான் கேட்டதாக யாரும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
முகமில்லாத தம்பி
காளிச்சாமி

பின்குறிப்பு: ஒட்டியது சோற்றுப் பசையில்தான். உங்கள் ஊர் ஈரத்துக்கு அந்தத் தாள் நாலு நாளில் தானாக உரிந்து விழும், அப்போது என்மேல் பழி போடக்கூடாது. கண்ணாடிச் சட்டம் போட்டால் விழாமல் போய்விடும் என்பதால் சட்டம் போடாமல் அனுப்புகிறேன். நாலு நாள் காத்திருக்க முடியாவிட்டால், இடது காதுப் பக்கம் ஒரு நுனியைப் பசை தடவாமல் விட்டிருக்கிறேன், பிடித்து இழுக்க வசதியாக.