பொஸ்னியாவுக்கு ஒரு டின் மிளகாய்த்தூள்

உ
சிவமயம்

பினாங்கு
16.1.94, ஞாயிறு

அன்புள்ள மகன் தயாபரனுக்கு அப்பா கனகசுந்தரம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் தண்ணீர்மலையான் முருகன் புண்ணியத்தில் சுகம். அங்கு பொஸ்னியாவில் நீயும், உன்னோடு ஐ.நா. அமைதிப்படைக்கு வந்த மலேசியப் பட்டாளத்துப் பிள்ளைகளும், நீ பழுதுபார்க்கும் வண்டிகளும் அவ்வண்ணமே சுகமாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு முன் வந்த உன் கடிதம் கிடைக்கப்பெற்றேன். பல் துலக்கி வைத்த பிரஷ் மறுநாள் காலை உறைந்து கல்லாகக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். அதை வாசித்ததும் எழும்பிப் போய் வீட்டு மின்விசிறியைக் குறைத்து வைத்தேன். அதனால் உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

நீ கேட்டிருப்பது இரண்டு. ஒன்று, அம்மா கையால் வறுத்த மிளகாய்த்தூள் ஒரு டின். முகாமில் போடும் கோழியும் கிழங்கும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி வெள்ளைவெளேர் என்று இருப்பதால் தொண்டையில் இறங்கவில்லை என்கிறாய். இரண்டு, அம்மாவிடமிருந்து ஒரு சொல். துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், மேற்படி இரண்டு விண்ணப்பமும் என் அதிகாரத்துக்கு உட்பட்டவை அல்ல. இரண்டும் உன் அம்மாவின் மேசையில் கிடக்கின்றன. அந்த மேசையிலிருந்து எதையும் நகர்த்துவது எப்படி என்று கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை.

அவள் கோபம் உனக்குத் தெரிந்ததுதான். ஈப்போவில் பெண் பார்க்க நாள் வைத்து, அதற்கென்று பட்டுச் சேலையும் எடுத்து வைத்திருந்தவளிடம் வந்து, "சண்டை நடக்கிற ஊருக்குப் போறன், நானேதான் பேர் குடுத்தன்" என்று நீ சொன்னால், அவள் உனக்கு ஆலாத்தியா எடுப்பாள்? பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் நீ காலில் விழுந்து எழும்பினாய். அவள் "போ" என்றாள். அவ்வளவுதான். தெருமுனைக் கடைக்கு உப்பு வாங்கப் போகிறவனைக்கூட "போயிட்டு வா" என்றுதான் நம் வீட்டில் அனுப்புவோம். பக்கத்து வீட்டு ரொஸ்னாவின் பூனை வேலி தாண்டினால் அதற்கும் உன் அம்மா "போயிட்டு வா" சொல்லுவாள். பெற்ற பிள்ளைக்கு மட்டும் பாதிச் சொல். நீ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போயும் திரும்பித் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மீதிச் சொல் வரவில்லை.

அம்மா இன்னும் கோபமா என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாய். உள்ளதை உள்ளபடி எழுதுவது என் வழக்கம் ஆகையால் எழுதுகிறேன், மனதைத் தேற்றிக்கொள். உன் நினைப்பே அவளுக்கு இல்லை. டெலிவிஷன் செய்தியில் பொஸ்னியா என்ற பேச்சு வந்தால் எழும்பிச் சமையலறைக்குப் போய்விடுகிறாள். அங்கே போய் நின்றுகொண்டு, பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, கூட்டி வையுங்கோ என்று என்னை அதட்டுகிறாள். மத்தியானத்தில் அறையைச் சாத்திக்கொண்டு நன்றாகத் தூங்குகிறாள். நீ போனதிலிருந்து இந்த வீட்டில் நண்டுக் கறி கிடையாது. நானே பசாருக்குப் போய் உயிர் நண்டாகப் பார்த்து வாங்கி வந்தால், பையை அவிழ்க்காமல் ரொஸ்னா வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறாள். உன் மேல் உள்ள கோபத்துக்கு என் நாக்கை ஏன் தண்டிக்க வேண்டும்? கோபத்தில் ஒரு நியாயம் வேண்டாமா?

உன் கடிதத்தை அவள் காதுபட வாசித்து, தூள் கேட்டிருக்கிறான் என்று மெதுவாகச் சொன்னேன். "பட்டாளத்தில சோறு போடாமலா வச்சிருக்கினம்?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரித்தாள். சரி, இவள் செய்ய மாட்டாள், நாமே செய்வோம் என்று முடிவெடுத்தேன். ரொஸ்னாவின் கணவரும் உன் முகாமில் இருப்பதால் பொதி கட்டுவதில் அந்தப் பிள்ளை கைதேர்ந்தவள். குடும்பங்களுக்கு வந்த சுற்றறிக்கையை அவள்தான் எனக்கு விளக்கினாள். கண்ணாடிப் போத்தல் கூடாது, எண்ணெய் கூடாது, ஈரமான பண்டம் கூடாது, ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது. நான் ஒன்றுக்கு இரண்டு தரம் வாசித்துக் கோடும் போட்டு வைத்தேன். பிறகு குளிர் நாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு உடுப்பு விற்கும் சீனர் கடைக்குப் போய்க் கம்பளிக் குல்லாய் ஒன்று கேட்டேன். அப்பன் தலையும் பிள்ளை தலையும் ஒன்றுதானே என்று அளவு பார்க்கப் போட்டேன், காது கழுத்து எல்லாம் மூடிக் கண் மட்டும் தெரிந்தது, நல்ல கதகதப்பு, அந்தத் திருப்தியில் காசைக் கொடுத்துவிட்டு, கழற்ற மறந்து அப்படியே நடந்து பக்கத்து நகைக்கடை வாசலில் நிழலுக்கு ஒதுங்கினேன். வெளியே மண்டை பிளக்கிற வெயில். காவலுக்கு நின்ற பஞ்சாபிக்காரர் என்னைக் கண்டதும் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தார். குல்லாயைக் கழற்றிவிட்டு, மகன் பொஸ்னியாவில் இருக்கிறான் என்றேன். அவர் எனக்கு உட்கார முக்காலி கொடுத்துத் தண்ணீரும் கொடுத்தார். நல்ல மனிதர்.

அடுத்தது தூள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வாங்கிவந்து பெரிய சட்டியில் ஒன்றாகக் கொட்டி அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டேன். தனித்தனியாக வறுப்பது பெண்கள் வேலையை நீட்டிக்கச் செய்கிற தந்திரம் என்று நான் வெகுநாளாக நினைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வீட்டில் புகை மண்டியது, நான் இருமுகிறேன், முன் வீட்டில் இருமுகிறார்கள், வேலிக்கு அந்தப் பக்கம் ரொஸ்னா ஈரத் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு தீயணைப்புக்குச் சொல்லவா என்று மலாயில் கேட்கிறாள், பூனை கூரையில் ஏறிவிட்டது. நாற்காலியில் இருந்த உன் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எழும்பி வந்து ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டுப் போய் மறுபடி உட்கார்ந்தாள். இந்தப் பொதிக்கு அவள் செய்த உதவி இதுவரை அந்த ஒரு ஜன்னல்தான்.

வறுத்ததை மாவு மில் அப்துல் அஜீஸிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா, இது மிளகா இல்ல, கரி. மெசின்ல போட்டா அடுத்து வர்றவங்க மாவெல்லாம் கசக்கும்லா." யாருக்கு என்று விசாரித்தார். சொன்னேன். பிறகு கடை சாத்துகிற நேரத்தில் கடைசி ஆளாகப் போட்டு அரைத்துத் தந்தார். மெசினைக் கழுவும்போது என்ன சொன்னாரோ தெரியாது, நான் வந்துவிட்டேன்.

தூளை மிலோ டின்னில் போட்டு, மூடியைச் சுத்தியலால் தட்டி இறுக்கி, குல்லாய், காலுறைகள், திருநீற்றுப் பொட்டலம், ரொஸ்னா தன் கணவருக்கென்று இறைச்சியை உதிர்த்து வறுத்துத் தந்த செருண்டிங் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி நேற்றுச் சனிக்கிழமை தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். கோலாலம்பூரில் உள்ள பட்டாள அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து விமானத்தில் ஏற்றுவார்கள். கவுண்டரில் ஜன்னத் என்று ஒரு பிள்ளை. உள்ளே என்ன அங்கிள் என்று மரியாதையாகத்தான் கேட்டது. நான் சும்மா வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். முப்பது வருடம் அரசாங்கக் காகிதத்தோடு வாழ்ந்தவன் அல்லவா, கண்ணால் பாரம்மா என்று கட்டை அவிழ்த்து டின் மூடியை நெம்பினேன். வரவில்லை. இன்னும் நெம்பினேன். வந்தது, தூளில் ஒரு பங்கும் கூடவே மேலே வந்தது. கூரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டு இருந்ததை நான் கவனிக்கவில்லை. பிறகு என்ன, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தும்மல். பென்ஷன் எடுக்க வந்த சீனக் கிழவர் பல்செட்டைக் கழற்றிக் கையில் பத்திரமாக வைத்துக்கொண்டு தும்மினார். நான் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன், கேட்கும்போது நானும் தும்மினேன். ஜன்னத் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தது. "அங்கிள், இத அங்க கொண்டுபோய்த் திறந்தாலே சண்டை நின்னுடும்லா" என்றது. அதற்குள் சனிக்கிழமை அரைநாள் முடிந்து கதவைச் சாத்திவிட்டார்கள்.

சிவந்த கண்ணோடு பொதியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா டின்னைத் திறந்து ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள். "வெந்தயத்தை எப்ப போட்டனீங்கள்?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் போட்டேன் என்றேன். இழவுச் செய்தி கேட்டவள் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிள்ளைக்கு அனுப்புகிறோமே என்று ஒரு நல்ல வார்த்தை உண்டா? கல் நெஞ்சு மகனே, கல் நெஞ்சு. நீ அந்தச் சொல்லை எதிர்பார்த்துக்கொண்டு இருக்காதே. தகப்பன் செய்த தூள் கொஞ்சம் கசந்தாலும் பொறுத்துக்கொண்டு சாப்பிடு. நாளைக் காலை முதல் வேலையாகப் பொதியைத் தபாலில் சேர்த்துவிடுவேன். டின்னுக்கு இனி நான் மூடி திறக்க மாட்டேன், இது உறுதி.

காலுறையை இரண்டாகப் போட்டுக்கொள். துப்பாக்கிச் சத்தம் கேட்கிற பக்கம் வண்டி பார்க்கப் போகாதே, வண்டி நின்றால் நிற்கட்டும். ரொஸ்னாவின் செருண்டிங்கை அவள் கணவரிடம் மறக்காமல் கொடு, வழியில் தின்றுவிடாதே. உன்னோடு இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், என் ஆசீர்வாதம் சொல்லு. உனக்கு நோய்நொடி அண்டாமல், ஒரு கீறல் படாமல் தண்ணீர்மலையான் துணை நிற்பானாக.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
க. கனகசுந்தரம்

பி.கு. 17.1.94, திங்கள் காலை

பொதியை மறுபடி ஒட்டுவதற்கு டேப் வாங்கக் கடைக்குப் போய்விட்டு வருகிறேன், தெரு முழுக்க வாசம். ஒருவரும் இருமவில்லை. ரொஸ்னா கிண்ணத்தோடு நம் வாசலில் நிற்கிறாள், தனக்கும் கொஞ்சம் வேண்டுமாம். உள்ளே என் பொதி பிரிந்து மேசை முழுக்கக் கிடக்கிறது. நான் செய்த தூள் கறிவேப்பிலை மரத்தடியில் கிடக்கிறது. அந்தப் பக்கம் எறும்புகள் போவதாகத் தெரியவில்லை. உன் அம்மா நெற்றி வியர்வையோடு உரலைத் துடைத்துக்கொண்டு இருந்தாள். குல்லாயைக் காட்டி, "அவனுக்கு என்ர அப்பாவின்ர தலை. இது உள்ள போகாது" என்றாள். ஈப்போவுக்கு எடுத்த பட்டுச் சேலையின் அடியிலிருந்து பெரிய குல்லாய் ஒன்றும் முழுக்கைக் கம்பளிச் சட்டையும் எடுத்து வந்து வைத்தாள். அவளே பின்னியது. மத்தியானத்தில் தூங்குகிறாள் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. நண்டு விஷயமும் தெரியவந்தது. நீ வருமட்டும் வாயில் வைப்பதில்லை என்று தண்ணீர்மலையானிடம் சொல்லியிருக்கிறாளாம், என்னைக் கேளாமல் என்னையும் சேர்த்து.

அவள் புதிதாக இடித்துப் போட்ட தூள் டின்னைத் தூக்கிப் பார்த்தேன், பாரமே இல்லை. பாதிதான் இருக்கிறது, இன்னும் போடலாமே, எடைக்கு இடம் இருக்கிறது என்றேன்.

"மிச்சம் இஞ்ச போத்தலில கிடக்கு. வந்து சாப்பிடச் சொல்லி எழுதுங்கோ."

எழுத உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் நின்றபடி, "அண்டைக்கு நான் பாதிதான் சொன்னனான். ஏதும் நடந்தா அது என்ர வாயால நடந்ததெண்டு ஒவ்வொரு நாளும்..." என்றாள். சொல்லி முடிக்குமுன் அழுதாள். நானும் அழுதேன், தூள் காரம் என்று சொல்லிக்கொண்டேன். பேனாவை அவள் கையில் கொடுத்தேன். உங்கட கடிதத்தில என்ர எழுத்து என்னத்துக்கு என்றாள், ஆனால் பேனாவைத் திருப்பித் தரவில்லை.

அவளைப் பற்றி மேலே எழுதியது எதையும் நம்பாதே. கீழே இருப்பது என் கையெழுத்து அல்ல.

வா, ராசா.